பிறப்புரிமை கேட்காத பெட்டி

(வல்லத்திராக்கோட்டையில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பியானோவில் இந்துஸ்தானி இசையை வாசிக்க முடியுமா? இதுதான் இன்றைய பேச்சுக்கான கேள்வி. கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். நியாயம்தான். தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்த வேங்கைவயல் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2022 டிசம்பரில் வெளியே தெரிந்த கொடுமை அது. அந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு பியானோவைப் பற்றிப் பேச வேண்டுமா?

வேண்டும் என்றே நினைக்கிறேன். தண்ணீரில் தீட்டுப் பார்க்கிற மனம் கருவியிலும் தீட்டுப் பார்க்கும். தண்ணீரில் பார்த்தால் நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. இசையில் பார்க்கும்போது ‘சுத்தம்’, ‘சம்பிரதாயம்’, ‘சாஸ்திரம்’ என்று மரியாதையான பெயர்கள் வந்துவிடுகின்றன. நாமும் நமக்கு இசை தெரியாது, பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒதுங்கிவிடுகிறோம். அப்படி ஒதுங்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை நேர்மையாகக் கேட்போம். அதில் உண்மை இருக்கிறது.

பியானோவில் 88 கட்டைகள். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் கம்பியைத் தட்டும். தட்டிய ஒலி பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கிவிடும். ஒரு ஸ்தாயியை, அதாவது கீழ் ஸ-விலிருந்து மேல் ஸ வரையுள்ள தூரத்தை, பன்னிரண்டு சமபங்காகப் பிரித்துத்தான் இன்றைய பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறார்கள். ஒவ்வொரு பங்கும் 100 சென்ட் என்று கணக்கு. தம்புரா மீட்டும்போது தானாகக் காதில் கேட்கும் அந்தர காந்தாரம் 386 சென்டில் நிற்கும். பியானோவின் காந்தாரம் 400-இல் நிற்கும். பழகிய காதுக்கு அந்த 14 சென்ட் உறுத்தும்.

இதைவிடப் பெரிய சிக்கல் சுரங்களுக்கு நடுவில் இருக்கிறது. இந்துஸ்தானியில் மீண்ட் என்பார்கள். ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குக் குரல் அறுபடாமல் வழுக்கிப் போவது. நம் பக்கத்தில் கமகம். தர்பாரியில் காந்தாரம் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். ஆடவில்லையென்றால் அது தர்பாரி இல்லை. நம் தோடிக்கும் அப்படித்தான். மோகனத்தையும் ஹம்சத்வனியையும் கட்டையில் ஓரளவு கேட்கும்படி வாசித்துவிடலாம். தோடியையும் சஹானாவையும் சும்மா கட்டைகளை வரிசையாகத் தட்டி வாசித்தால் பல்வரிசை எண்ணுவதுபோல இருக்கும்.

வீணையில் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கலாம். வயலினில் விரலை நகர்த்தலாம். பியானோவில் கம்பி பெட்டிக்குள் இருக்கிறது. விரலுக்கும் கம்பிக்கும் தொடர்பே இல்லை. இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள். ராகத்துக்கு ராகம் சுருதி மாற்றிக்கொண்டிருக்கவும் முடியாது. ஆகவே கட்டை வளையாது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

வளையாத கருவியை வைத்துக்கொண்டு மனிதர்கள் என்ன செய்தார்கள்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

லெபனானில் அப்துல்லா ஷாஹீன் என்பவர் அரபு இசையின் கால் சுரங்களைத் தரும் பியானோ ஒன்றை உருவாக்கினார். இங்கிலாந்தில் ஜெஃப் ஸ்மித் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நகர்த்தி வைத்து, வாசிப்பவரே சுருதியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஃப்ளூயிட் பியானோவை 2009-இல் வெளியிட்டார். டெல்லியில் பிறந்த உத்சவ் லால் சாதாரண பியானோவிலும் இந்த ஃப்ளூயிட் பியானோவிலும் இந்துஸ்தானி ராகங்களை வாசித்துவருகிறார். சாதாரண பியானோவில் மீண்டை அப்படியே கொண்டுவர முடியாது. அடுத்த சுரத்தைத் தொடுவதற்கு முன் ஒரு சின்னச் சுரத்தை உரசிச் செல்வது, காலடி மிதியை அழுத்தி முந்தைய ஒலியைத் தொங்கவிட்டு அதற்குள் அடுத்ததை நுழைப்பது, மீதியைக் கேட்பவரின் காதுக்கு விட்டுவிடுவது. இவைதான் வழிகள்.

இது ஏமாற்று வேலை என்று சொல்பவர்களுக்கு சந்தூரை நினைவுபடுத்த வேண்டும். அதுவும் தட்டி வாசிக்கும் கருவிதான், மீண்ட் வராது. காஷ்மீரின் சூஃபி இசையில் இருந்த அந்தக் கருவியைக் கையில் எடுத்தார் ஷிவ்குமார் சர்மா. 1950-களில் அவரிடமும் இது ராக இசைக்கு ஆகாது என்றுதான் சொன்னார்கள். அவர் கம்பிகளின் அமைப்பை மாற்றினார், சுத்தியலை உருட்டி ஒலியை நீட்டினார். இன்று சந்தூர் இல்லாத இந்துஸ்தானி மேடையை யாரும் கற்பனை செய்ய மாட்டார்கள்.

ஆனால் தோழர்களே, பியானோ நம் ஊர்ப் பக்கம் வரவே இல்லை. தேவாலயம், கான்வென்ட், சினிமா ஸ்டூடியோ, பணக்காரர் வீட்டுக் கூடம் என்று நின்றுவிட்டது. நம்மிடம் வந்தது அதன் ஏழை உறவுக்காரர். ஆர்மோனியம்.

1840-இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற கருவி. அங்கே அது நாற்காலியில் உட்கார்ந்து, காலால் துருத்தியை மிதித்து, இரண்டு கையாலும் வாசிப்பது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875-வாக்கில் கால் மிதியை எடுத்துவிட்டு, துருத்தியைப் பின்பக்கம் வைத்து, தரையில் உட்கார்ந்து வாசிக்கும் பெட்டியாக்கினார். இடது கை காற்றடிக்கப் போய்விட்டது. இரண்டு கையாலும் பல சுரங்களைச் சேர்த்து வாசிக்கும் மேற்கத்திய முறைக்கு இடமில்லை. மிச்சமிருக்கும் வலது கை ஒற்றை இழையில் பாட்டை வாசிக்கும். ஒரு ஐரோப்பியக் கருவியை நம் இசைக்கு ஏற்ப வளைத்த பெரிய வேலை இது.

இந்தப் பெட்டிக்கு இன்னொரு குணமும் இருந்தது. இதற்குப் பிறப்புரிமைக்காரர் யாரும் கிடையாது.

நம் ஊரில் கருவிகளை யார் யார் வாசிப்பது என்பதைப் பிறப்பு தீர்மானித்தது. பறை இன்னாருக்கு. நாதஸ்வரமும் தவிலும் இன்னாருக்கு. வீணை இன்ன வீட்டுப் பெண்களுக்கு. யார் எதை வாசிக்கலாம் என்பது மட்டுமல்ல, யார் எதை வாசித்தே ஆக வேண்டும் என்பதும் சாதிதான். சாவுக்குப் பறை அடிக்க மாட்டேன் என்று சொன்னதற்காக அடி வாங்கிய ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனை! கப்பலில் வந்திறங்கிய ஆர்மோனியத்துக்கு அப்படியொரு முத்திரை இல்லை. காசு சேர்த்தால் வாங்கலாம். கோயிலைக் கேட்க வேண்டாம், குலத்தைக் கேட்க வேண்டாம். நாடகக் கொட்டகை, பஜனை மடம், சேரியின் சிற்றாலயம், தர்கா, கட்சி மேடை என்று எல்லா இடத்துக்கும் அது தலைச்சுமையாகவே போனது.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மதுரையைப் போலவே ஸ்பெஷல் நாடகத்தின் தலைநகரங்களில் ஒன்று உங்கள் ஊர். நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியாக வருவார்கள். ஒத்திகை கிடையாது. முருகனாக நடிப்பவரும் வள்ளியாக நடிப்பவரும் அன்றிரவுதான் மேடையில் சந்திப்பார்கள். விடியவிடிய நாடகம் நடக்கும். அதைக் கட்டிக் காப்பாற்றுபவர் யார்? ஆர்மோனியக்காரர். அவருக்குப் பின்பாட்டுக்காரர் என்றே பெயர். சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டுகள் அத்தனையும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாருக்கு எந்தச் சுருதி, எங்கே அடியெடுத்துக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

‘பின்பாட்டு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர் வாசிப்பவர் மட்டுமல்ல, பாடுபவரும்கூட. கட்டை நேராக நிற்கும். அவர் குரல் வளையும். கட்டையால் முடியாததைத் தொண்டை செய்யும். தொண்டை தளரும்போது கட்டை தாங்கும். வளையாத கருவியை வைத்துக்கொண்டு ராகத்தை எப்படிக் கொண்டுவருவது என்ற கேள்விக்கு, விடிய விடிய நடந்த இந்த நாடகங்கள் கண்டுபிடித்த பதில் இது. கருவியை மாற்ற வசதியில்லை. மனிதர்கள் தங்களை அதற்கு மறுபாதியாக ஆக்கிக்கொண்டார்கள். இன்று சென்னை அரங்குகளில் அனில் ஸ்ரீநிவாசன் பியானோ வாசிக்க, சிக்கில் குருசரண் பாடுகிறார். பியானோ தாங்கி நிற்கிறது, கமகத்தைக் குரல் பார்த்துக்கொள்கிறது. நல்ல முயற்சி, நானும் ரசித்துக் கேட்கிறேன். புதுமை என்று அதைக் கொண்டாடுபவர்கள், பல தலைமுறைகளாக இதே வேலைப் பங்கீட்டைச் செய்துவந்த பின்பாட்டுக்காரர்களையும் ஒரு வார்த்தை சொல்லலாம்.

ஆர்மோனியத்துக்கு என்ன நடந்தது? திருச்சி வானொலி நிலையம் 1939 மே மாதம் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1940 மார்ச் 1 முதல், அகில இந்திய வானொலி தன் நிலையங்களில் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. தடை கேட்டவர்கள் யார் என்று பாருங்கள். வானொலியில் பணியாற்றிய ஆங்கில இசையமைப்பாளர் ஜான் ஃபோல்ட்ஸ் ஒருபக்கம். ரவீந்திரநாத் தாகூர் இன்னொரு பக்கம். ஆள்கிறவருக்கும் எதிர்க்கிறவருக்கும் இந்த ஒன்றில் கருத்து வேறுபாடே இல்லை. இந்திய இசையின் ஆன்மா கெட்டுவிடும் என்றார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தடை இருந்தது. 1971-இல்தான் தளர்ந்தது, அதுவும் முழுதாக அல்ல.

தடைக்குக் காரணம் சுருதி மட்டும்தானா? சுருதியும் ஒரு காரணம். ஆனால் சபாக்களின் நடத்தையைப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது.

கர்நாடக சங்கீத வித்துவான்களிடம் உங்கள் சுருதி என்ன என்று கேளுங்கள். ஒரு கட்டை என்பார், ஐந்தரைக் கட்டை என்பார். எந்தக் கட்டை? ஆர்மோனியக் கட்டைதான்! வெள்ளைக் கட்டைகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று; நடுவிலுள்ள கறுப்புக் கட்டைகளுக்கு ஒன்றரை, இரண்டரை, நாலரை. ஆர்மோனியத்தைத் தள்ளிவைத்த மேடை, தன் குரலை அளக்க ஆர்மோனியத்தின் பல்லைத்தான் வைத்திருந்தது. அது மட்டுமல்ல. பாடகருக்குப் பின்னால் இருந்த சுருதிப்பெட்டி என்ன? அதே துருத்தி, அதே உலோக நாக்குகள். கட்டைகளை மட்டும் கழற்றிவிட்ட ஆர்மோனியம்.

அளவை எடுத்துக்கொண்டார்கள், மூச்சை எடுத்துக்கொண்டார்கள். வாசிக்கிற ஆளை மட்டும் வேண்டாம் என்றார்கள். உழைப்பு உள்ளே, உழைப்பவர் வெளியே. இது எங்கேயோ பார்த்ததுபோல இல்லையா?

ஐரோப்பியக் கருவி என்பதால் மறுத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. வயலின் ஐரோப்பாவிலிருந்துதான் வந்தது. பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதை எடுத்தார்கள். 1834-இல் சுவாதித் திருநாள் மன்னர் வடிவேலுவுக்குத் தந்த வயலின் தந்தத்தாலானது. இன்று வயலின் இல்லாமல் கச்சேரியே இல்லை. தோல் தீட்டு என்றும் சொல்ல முடியாது. உடும்புத் தோல் போர்த்திய கஞ்சிரா சபா மேடையில் இருக்கிறது. அதை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தவர் யார்? புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. பஜனைக் கூட்டத்தின் கருவியைக் கச்சேரிக் கருவியாக்கியவர். சங்கரதாஸ் சுவாமிகளுக்குத் தாளம் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். ஒரு கருவியை எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று காட்டிய மண் இது.

எதையும் மிகைப்படுத்த வேண்டாம். ஆர்மோனியம் வாசித்தவர்கள் எல்லோரும் ஒடுக்கப்பட்டவர்கள் இல்லை. கிட்டப்பாவுக்கு வாசித்தவர் அவருடைய அண்ணன் காசி ஐயர். வடக்கே இன்னும் சிக்கலான கதை. அங்கே வாய்ப்பாட்டுக்குப் பக்கத்தில் சாரங்கி இருந்தது. அதை வாசித்தவர்கள் பெரும்பாலும் இழிவாக நடத்தப்பட்ட முஸ்லிம் கலைஞர்கள். தவாயிஃப் பெண்களின் அவைகளில் வாசித்தவர்கள். ‘கௌரவமான’ மேடை உருவானபோது சாரங்கி பின்னுக்குப் போனது, அந்த இடத்தில் ஆர்மோனியம் உட்கார்ந்தது. எந்தக் கருவியும் தானாக விடுதலை தருவதில்லை. யார் கையில் இருக்கிறது, யாரை வெளியே தள்ளிவிட்டு உள்ளே வந்தது என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

அடுத்தது சாஸ்திரம். ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் என்று வடமொழி நூல்கள் சொல்கின்றன. பெட்டியில் 12 தானே இருக்கிறது என்பார்கள். இந்த 22-ஐக் கேள்வி கேட்ட ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். சித்த மருத்துவர், நாடார் சமூகத்தில் பிறந்த கிறித்தவர். கமுதி கோயிலில் நாடார்கள் நுழையக் கூடாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது 1908-இல். நான்கு ஆண்டுகள் கழித்து, 1912-இல், பண்டிதர் தஞ்சாவூரில் சொந்தச் செலவில் இசை மாநாடு கூட்டினார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய மாநாட்டுக்குப் போய் வாதிட்டார். 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலை வெளியிட்டார். பழந்தமிழ் இசையைச் சிலப்பதிகாரத்திலிருந்து ஆராய்ந்து, ஸ்தாயியைச் சமமாகப் பிரித்தால் 24 என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பியானோவின் சமபங்கு 12-ஐ இரண்டால் பெருக்கிப் பாருங்கள். அவருடைய கணக்கில் குறை காண்பவர்கள் உண்டு; வாதிடட்டும். கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு சமூகத்திலிருந்து வந்தவர், சுருதி எத்தனை என்பதை நானும் எண்ணிப் பார்ப்பேன் என்றார். எனக்கு அதுதான் முக்கியம்.

உங்கள் மாவட்டத்துக் குடுமியான்மலைக்குப் போயிருப்பீர்கள். கோயில் வளாகத்துப் பாறையில் கிரந்த எழுத்தில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டு. ஒவ்வொரு சுரத்தையும் அ, இ, உ, எ என்று உயிரெழுத்து மாற்றி நான்கு விதமாகக் குறித்திருக்கிறார்கள். இந்திய இசையின் மிக அரிய ஆவணம். மாணவர்களின் நன்மைக்காக ஓர் அரசன் செய்தது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. எந்த மாணவர்கள்? அந்தப் பாறையின் அருகே போய் நிற்க அனுமதி இருந்தவர்கள். எழுத்து ஆயிரத்து முன்னூறு ஆண்டுகளாக அழியாமல் இருக்கிறது. அதைப் படிக்கப் போகிற வழிதான் நம்மில் பலருக்கு இல்லாமல் இருந்தது.

கட்டைப் பெட்டியின் வழி திறந்திருந்ததால் என்ன நடந்தது என்பதற்கு ஒரே ஒரு பெயர் போதும். பண்ணைப்புரத்தில், ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராகப் போய் ஆர்மோனியம் வாசித்தவர் இளையராஜா. பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். 1976-இல் ‘அன்னக்கிளி’. அவருடைய அரசியலோடு எனக்கு முரண்பாடு உண்டு. அது வேறு கூட்டத்துக்கான பேச்சு. வயல்வெளிப் பாட்டும் ராகமும் மேற்கத்திய இசை அமைப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்ததற்கு அந்தக் கட்டைப் பெட்டியும் ஒரு காரணம்.

இன்று கருவிகள் வளையவும் தொடங்கிவிட்டன. கே. சத்யநாராயணன் எலக்ட்ரானிக் கீபோர்டில் கர்நாடக இசை வாசிக்கிறார். வலது கை கட்டையில், இடது கை சுருதியை வளைக்கும் சக்கரத்தில். ஒருகாலத்தில் காற்றடித்த இடது கை இப்போது கமகம் போடுகிறது! ஏ.ஆர். ரகுமான் 2009-இல் வந்த ‘டெல்லி 6’ படத்துக்காக, கட்டைகளே இல்லாமல் விரலை இழுத்து வாசிக்கும் கன்டினுவம் என்ற கருவியைப் பயன்படுத்தினார். கட்டை வளையாது என்ற தொழில்நுட்ப வாதத்துக்கு ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. ஆனால் விலை குறைந்த பல கீபோர்டுகளில் அந்தச் சக்கரம்கூடக் கிடையாது. முன்பு சாஸ்திரம் நின்ற வாசலில் இப்போது விலை நிற்கிறது.

இளைஞர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: நாம் பறையை மீட்க வேண்டியவர்கள்; பியானோ, கீபோர்டு என்று போவது தன் அடையாளத்தை விடுவதாகாதா? பறையை விடுதலையின் கருவியாக மேடையேற்றிய தோழர்கள் செய்தது வரலாற்று வேலை. சாவுமேளம் இனி அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்கள் செய்ததும் வரலாற்று வேலைதான். இரண்டையும் மதிக்க வேண்டும். ஆனால் ஒரு பிள்ளையிடம் போய், நீ பிறந்த இடத்தால் உனக்குரிய கருவி இதுதான் என்று யார் சொன்னாலும், பெருமையாகவே சொன்னாலும், அது பழைய ஆணைதான். பறை அடிக்கிற பிள்ளைக்குத் தர்பாரி கேட்க ஆசை வரலாம். கீபோர்டு படிக்கிற பிள்ளைக்கு ஒருநாள் பறையின் அடிவகை தேவைப்படலாம். தேர்வு பிள்ளையுடையதாக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டிய காரியங்கள் மூன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் வழக்கமாகக் கற்பிக்கும் பாடங்கள் ஏழு: குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். ஐரோப்பாவிலிருந்து வந்த வயலினுக்கு இடமுண்டு. நம் நாடக மேடையைத் தூக்கி நிறுத்திய ஆர்மோனியத்துக்கும் பறைக்கும் அந்த ஏழில் இடமில்லை. இடம் கேட்போம். கற்பிக்க ஆளில்லை என்று சொன்னால், விடியவிடிய வாசித்த பின்பாட்டுக்காரர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். சான்றிதழ் கேட்காமல் அவர்களை ஆசிரியராக வையுங்கள் என்போம்.

இரண்டு. உங்கள் கையில் கைப்பேசி இருக்கிறது. வயதான ஆர்மோனியக் கலைஞர்களைத் தேடிப் போய்ப் பதிவு செய்யுங்கள். பாட்டை மட்டும் பதிவு செய்யாதீர்கள். எந்தக் கட்டையில் எந்த விரல், எங்கே குரலைச் சேர்த்தார், எந்த ஊரில் எங்கே உட்காரவைத்துச் சோறு போட்டார்கள், அதையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். இரண்டும் சேர்ந்ததுதான் நம் இசை வரலாறு.

மூன்று. தெருவுக்கு ஒரு நூலகம் கேட்கிற நாம், அந்த நூலகத்தில் ஒரு கீபோர்டும் ஒரு பறையும் இருக்க வேண்டும் என்றும் கேட்போம். சக்கரம் உள்ள கீபோர்டாகவே கேட்போம். கூட்டாகக் காசு போட்டு வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. யார் வேண்டுமானாலும் வந்து தொடலாம் என்று அதன்மேல் எழுதி வையுங்கள். இந்த மாவட்டத்தில் அந்த வாக்கியத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது.